ஏழு பெட்டிசங்களும் ஒரு வேலும்

என் தங்கச்சி உதயகலா இதுவரை வென்றவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, ஊரே இடம்பெயர்ந்தபோது, ஆறு வயதில், உடம்பு முழுக்கக் கொப்புளிப்பானோடு சண்டிலிப்பாயிலிருந்து கொடிகாமம் வரை நடந்து பிழைத்தாள். சண்டையால் பாதை பூட்டிக் கிடந்த காலத்தில், மண்ணெண்ணெய் கிடைக்காமல், தேங்காயெண்ணெய் விளக்கில் படித்து 2008இல் உயர்தரத்தில் சித்திரத்துக்கு ஏ எடுத்தாள். 2011இல் சிங்களத்தில் ஒரு சொல்லும் தெரியாமல் கொழும்புக்குத் தனியாகப் போய், பச்சை குத்தும் கடையொன்றில் கூட்டித் துடைக்கச் சேர்ந்து, மூன்றாம் வருடம் அதே கடையில் ஊசி பிடித்தாள். 2014இல் அங்கே நடந்த ஒரு போட்டியில் முப்பத்தொரு பேருக்குள் இரண்டாவதாக வந்தாள். முப்பது பேர் ஆம்பிளைகள். கடைசியாக, எங்கள் ஒன்றுவிட்ட மாமா சிவசுப்பிரமணியம் அவளுக்கு எதிராகக் கந்தோர்களுக்கு எழுதிய ஏழு பெட்டிசங்களை வென்றாள்.

மற்றவற்றை யாராவது கேட்டால் விரிவாகச் சொல்லுவேன். இந்த ஏழையும் கேளாமலே சொல்லுவேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். புகையிலை நடுகிறவன். நாற்று வைத்த திகதி, தண்ணீர் இறைத்த திகதி, முறித்த திகதி எல்லாம் கொப்பியில் எழுதுவது என் பழக்கம். அதே கொப்பிகளில்தான் மாமாவின் திகதிகளும் இருக்கின்றன. ஒன்றும் என் ஞாபகத்திலிருந்து எழுதவில்லை.

மாமா அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன். எங்கள் காணிக்குப் பக்கத்துக் காணி அவருடையது. அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளார்க்காக இருந்து இளைப்பாறியவர். ஊரில் அவருக்கு இருந்த மரியாதைக்குப் பாதிக் காரணம் அவருடைய திருநீறு. எங்கள் பிள்ளையார் கோவிலில் ஆம்பிளைகள் மேல்சட்டை இல்லாமல்தான் உள்ளே போகலாம். மற்றவர்கள் மூன்று விரலால் ஒரு இழுப்பு இழுப்பார்கள். மாமாவோ திருநீற்றைச் சந்தனத்தோடு களியாகக் குழைத்து, இரண்டு புயத்திலும் சுவருக்கு வெள்ளை அடித்தமாதிரிப் பட்டை போடுவார். வேர்த்தாலும் கரையாது.

"சிவசுப்பிரமணியத்தாரைப் பாருங்கோ. பக்தி எண்டா அதுதான் பக்தி" என்று சனம் சொல்லும். நானும் சொன்னவன்தான்.

அவருடைய தாயாரின் முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பச்சைக் கோலம் இருந்ததை நான் சின்னனில் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்துப் பெண்களுக்கு அது நகையோடு சேர்த்தி. பிறகு எங்கள் காலம் வந்தது. சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் சேட்டைக் கழற்றச் சொல்லி, உடம்பில் தழும்போ அடையாளமோ இருக்கிறதா என்று பார்த்த காலம். என் தோளில் ஒரு பிறவி மச்சம் இருக்கிறது. அது மை இல்லை என்று தெரிய எச்சில் தொட்டு உரசிப் பார்த்தார்கள், இரண்டு தரம். அதனால் உதயகலா பேனையால் கையில் ஒரு பூக் கீறினாலும் அம்மா தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவி விடுவாள், தோல் சிவக்கும்வரை. இப்போது யூலை மாதம் கனடாவிலிருந்து வரும் பிள்ளைகள் கழுத்தில் ஒன்று, கணுக்காலில் ஒன்று என்று குத்திக்கொண்டு கோவில் வீதியில் ஐஸ்கிறீம் குடிக்கிறார்கள். இவ்வளவும் என் ஒரு ஆயுளுக்குள் நடந்தது.

உதயகலா 2015 டிசம்பரில் ஊருக்குத் திரும்பினாள். கொழும்பில் கற்றதை இங்கே செய்வதாகத் திட்டம். அவள் செய்வது பெரும்பாலும் தழும்பு மூடும் வேலை. செல் குண்டுத் துண்டு பட்ட தழும்பு, எரிகாயம், வயிற்றில் வெட்டின அடையாளம். வெளிநாட்டுக்காரர் சிங்கமும் சிறகும் கேட்பார்கள், அதையும் செய்வாள். ஆனால் அவளைத் தேடி வருகிற எங்கள் சனம் வேறு காரியத்துக்கு வரும். அறுபத்திரண்டு வயதுத் தாய் ஒருத்தி, சீலைத் தலைப்பால் மணிக்கட்டை மூடிக்கொண்டு வந்து, மகன் காணாமற்போன திகதியை அதில் எழுதித் தரச் சொன்னாள். உதயகலா அதற்கு ஒன்றும் வாங்கவில்லை. யாருக்கு எதைக் குத்தினாள் என்று வெளியில் சொன்னதும் இல்லை.

2016 மார்ச் மாதம் அவளுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தது. அளவெட்டிக் குடும்பம், மாப்பிள்ளை ஜேர்மனியில். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாதகம் பொருந்தினால் மட்டும் போதாது, அயலட்டையில் போய் விசாரிப்பார்கள். அவர்கள் மாமாவிடம் போனார்கள். மாமா கோப்பி கொடுத்து இருத்தி இப்படிச் சொன்னாராம்:

"பிள்ளை தங்கமான பிள்ளை. என்ன, ஆம்பிளையளின்ரை நெஞ்சையும் முதுகையும் தடவித்தான் உழைக்கிறாள். அது உங்களுக்குப் பறவாயில்லை எண்டா எங்களுக்கும் பறவாயில்லை."

நான்காம் நாள் சொல்லி அனுப்பினார்கள், சாதகம் பொருந்தவில்லையாம். இரண்டு மாதத்துக்கு முன்னர் பொருந்திய சாதகம்.

அந்த வருடம் செப்ரெம்பர் 12ஆம் திகதி உதயகலா சண்டிலிப்பாய்ச் சந்தியில் ஒரு அறை எடுத்துத் தன் பெயரில் பலகை மாட்டினாள். முதலாவது பெட்டிசம் செப்ரெம்பர் 19. இரண்டாவது ஒக்ரோபர் 3. மூன்றாவது நவம்பர் 10. பிரதேச சபைக்கு ஒன்று, கிராம அலுவலருக்கு ஒன்று, சுகாதாரப் பகுதிக்கு ஒன்று. கீழே 'ஊர் நலன்விரும்பிகள்' என்று மட்டும் இருக்கும். 'இவ்விளம் பெண்ணின் செய்கையால் எமது கலாசாரம் சீரழிந்து, வாலிபர் வழிதவறுகின்றனர்.' கிராம அலுவலர் தனக்கு வந்ததை என்னிடம் பார்க்கத் தந்தார். எழுதினவர் திகதிகளுக்கெல்லாம் அடிமட்டம் வைத்துச் சிவப்பு மையால் கோடு கீறியிருந்தார். எங்கள் காணி உறுதிக்கு மாமா எழுதித் தந்த கடிதத்திலும் அதே கோடு, அதே சிவப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அன்றைக்கே எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் போய்வர இருந்த வேலிப் பொட்டை, அந்த இடைவெளியை, மட்டை வைத்து அடைத்தேன்.

அறைக்காரர் பயந்துபோய் அறையை விடச் சொல்லித் திறப்பைத் திருப்பிக் கேட்டார். கடை எண்பத்திமூன்று நாள் இருந்தது. பலகையைக் கழற்றியது நான்தான். உதயகலா அழவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு, "ஆணியை வளைக்காமல் கழட்டுங்கோ அண்ணை, திரும்பத் தேவைப்படும்" என்றாள்.

பிறகு அவளுக்கு இடம் கொடுத்தது ஹப்ஸா அக்கா. 1990இல் மற்ற முஸ்லிம்களோடு யாழ்ப்பாணத்தை விட்டுத் துரத்தப்பட்டு, இருபது வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, ரவுணில் அழகுக்கலை நிலையம் வைத்திருந்தவ.

"பச்சை குத்துறது எங்களுக்கு ஹராம் பிள்ளை" என்றாவாம். "பின்னறைக் கதவைச் சாத்திப்போட்டு நீ என்ன செய்யிறாய் எண்டு நான் கேக்கவும் மாட்டன். கேட்டாலும் நீ சொல்லாதை."

ஏழரை வருடம் அந்தப் பின்னறையில் வேலை செய்தாள். அனுமதி ஹப்ஸா அக்காவின் பெயரில். சாமான் எடுக்கும் கடிதங்களில் என் கையெழுத்து. மை வருவதும் ஊசி வருவதும் என் பெயருக்கு. வடக்கில் எத்தனையோ உடம்பில் அவள் கை இருந்தது. எந்த ஒரு காகிதத்திலும் அவள் பெயர் இல்லை. அப்போதும் மாமா விடவில்லை. அங்கேயும் தேடிப்பிடித்து இன்னும் மூன்று எழுதினார்.

2024இல் ஹப்ஸா அக்காவின் மகளுக்குக் கலியாணம். யூலை முடிய அந்த அறை மகளுக்கு வேண்டும். உதயகலாவுக்கு மிச்சம் இருந்தது எங்கள் வீடு இருக்கும் அம்மாவின் சீதனக் காணி ஒன்றுதான். தெருவோரமாக அதில் ஒரு அறை கட்டினோம். சீமெந்துக் கல் அரிந்தது நான். அதில் கடை நடத்தச் சபையில் அனுமதி கேட்டால், பக்கத்துக் காணிக்காரர் ஆட்சேபணை இல்லை என்று கடிதம் தரவேண்டும் என்றார்கள். பக்கத்துக் காணிக்காரர் ஏழாவது பெட்டிசத்தை மே மாதம் 20ஆம் திகதியே அனுப்பியிருந்தார். அனுமதி இல்லை என்றால் யூலைக்குப் பிறகு என் தங்கச்சிக்கு வேலை இல்லை. முப்பத்தைந்து வயதில் திரும்பவும் கொழும்பு.

அந்த நிலையில்தான், யூன் 13, வியாழக்கிழமை, மத்தியானம் ஒன்றரை மணிக்கு, பின்னொழுங்கையால் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். நீட்டுக் கைச் சேட்டு, அதற்கு மேல் சால்வை.

அம்மா ஏழு வருடமாக அவரோடு கதைப்பதில்லை. முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன அண்ணை, வெய்யிலுக்கை வழி மாறிட்டியளோ?"

"இல்லைப் பூரணம். உதயாவோடை ஒரு கதை கதைக்கோணும்."

"பெட்டிசத்திலை எழுதாமல் விட்டது ஏதும் இருக்கோ?"

மாமா தேத்தண்ணி கேட்டார். அம்மாவை உள்ளே அனுப்பத்தான் கேட்டார் என்று எனக்கு விளங்கியது. அம்மா போனதும், உதயகலாவுக்கும் எனக்கும் முன்னால் சேட்டின் இடதுகையைக் கழற்றினார். வழமையான வெள்ளைப் பட்டை. "ஈரத்துணி ஒண்டு தாங்கோ" என்றார். தானே துடைத்தார்.

பட்டைக்குக் கீழே பச்சையாக ஒரு பொம்பிளைப் பெயர் இருந்தது. ஐந்து எழுத்து. மாமி செல்வநாயகியின் பெயர் இல்லை.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது.

உதயகலா கதிரையை இழுத்துப் போட்டு, டொக்டர் மாதிரி அந்தத் தோலை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"எத்தினையாம் ஆண்டு மாமா?"

"எழுபத்திநாலு. பருத்தித்துறைக் கந்தோரிலை வேலை. அந்தப் பக்கத்துத் திருவிழாவிலை ஒருத்தன் பற்றரிப் பெட்டி வைச்சுக் குத்திக்கொண்டிருந்தான். இருபத்தொரு வயது. புத்தி இல்லை."

"மாமிக்குத் தெரியுமே?"

"சுடுதண்ணி பட்ட தழும்பெண்டு சொல்லி வைச்சிருக்கிறன். ஐம்பது வருசமாக் கைவைச்ச பெனியனோடைதான் படுக்கிறன்."

அவர் வந்த காரணம் இதுதான். எங்கள் கோவிலில் தீர்த்தத்தன்று கோவில் நிர்வாகத் தலைவர்தான் சுவாமியோடு முதலில் கேணியில் மூழ்க வேண்டும். மாமா இவ்வளவு காலமும் தீர்த்தத்துக்குச் சளி, காய்ச்சல் என்று கரையில் நின்றுவிடுவார். ஏப்பிரலில் பழைய தலைவர் இறந்துபோக, சனம் கூடி, பட்டையைப் பார்த்து, இந்தப் பக்திமானைத் தலைவராக்கிவிட்டது. மறைக்கப் பூசின திருநீறே அவரைக் கேணிப்படிக்குக் கொண்டுவந்து விட்டது. தீர்த்தம் யூலை 21.

"அழிச்சு விடு பிள்ளை" என்றார்.

"அழிக்கேலாது மாமா. லேசருக்குக் கொழும்புக்குப் போகோணும், மாசக் கணக்கிலை இழுக்கும். இஞ்சை மூடத்தான் ஏலும். இருக்கிறதை மூட, அதிலும் பெரிசா, அதிலும் கறுப்பா ஒண்டு போடோணும்."

"படமோ? என்ரை கையிலையோ?"

"பின்னை என்ரை கையிலையோ?"

"மாமா" என்றேன் நான், "முதல் எட்டாவது பெட்டிசத்தை எழுதுங்கோ. இப்பிடி ஒரு கிழவன் பச்சை குத்தக் கேட்டு வந்திருக்கிறான், கலாசாரம் சீரழியுது எண்டு. சிவப்பு மை நான் வாங்கித் தாறன்."

"தம்பி, நான் உன்ரை தாய்மாமன் முறை."

"அந்த முறை அளவெட்டிக்காரர் வந்தண்டைக்கு எங்கை போனது?"

அவரைச் சேட்டில்லாமல் முன் படலையால் தள்ளி, ஊரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. எழும்பியும் விட்டேன். உதயகலா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணை, இவரை இப்ப துரத்தினா என்ன கிடைக்கும்? ஒரு பின்னேரம் சந்தோசமா இருப்பம். எனக்கு ஒரு பின்னேரம் காணாது. எனக்குக் கடை வேணும்."

திரும்பிப் போய் மூன்று விசயம் சொன்னாள். முதலாவது, ஆட்சேபணை இல்லை என்ற கடிதம். இரண்டாவது, பின்னொழுங்கையால் வரக்கூடாது, காலமை பத்து மணிக்கு முன் படலையால் வரவேண்டும். மூன்றாவது, யார் போட்டது என்று எவர் கேட்டாலும் அவள் பெயரைச் சொல்ல வேண்டும். மாமா மூன்றாவதுக்குத்தான் கூடநேரம் யோசித்தார். பிறகு தலையாட்டினார். படம் வேல் என்று முடிவானது.

யூன் 18, செவ்வாய், பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு முன் படலையால் வந்தார். தெருவில் யாரும் வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துத்தான் வந்தார். ஆனாலும் வந்தார்.

"கடிதம்?"

"எழுதிக்கொண்டிருக்கிறன் பிள்ளை. நாளைக்குத் தாறன்."

உதயகலா கையுறை போட்டாள். புது ஊசிப் பக்கெற்றை அவருக்கு முன்னாலேயே உடைத்துக் காட்டினாள். மருந்து தடவித் துடைத்தாள். வேலையில் எந்த ஒரு குறையும் வைக்கவில்லை.

"நோகாமல் இருக்கக் களிம்பு ஏதும் இருக்காமே?" என்று கேட்டார்.

"முடிஞ்சுது மாமா."

அலுமாரியின் இரண்டாம் தட்டில் ஒரு முழு ரியூப் இருந்தது. நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

ஊசி ஓடத் தொடங்க மாமா கதிரைக் கையைப் பிடித்தார். கண்ணால் தண்ணீர் வந்தது. "சிவசிவா, சிவசிவா" என்று முனகினார். நடுவில், "எங்கடை பண்பாட்டுக்கு..." என்று என்னவோ தொடங்கினார்.

"அசையாதேங்கோ மாமா. வேல் கோணும்."

ஒன்றேகால் மணித்தியாலத்தில் வேலின் மேற்பாதி வந்தது. கீழே இரண்டு எழுத்து மறைந்துவிட்டது. அவள் மெசினை நிற்பாட்டிக் கையுறையைக் கழற்றினாள்.

மாமா குனிந்து பார்த்தார். "மிச்சம் மூண்டெழுத்து?"

"கடிதம் வந்தாப்பிறகு."

"சரி, அதுவரைக்கும் பட்டையைப் போட்டு மறைச்சுக்கொள்ளுறன்."

"போடேலாது. பச்சைப் புண். திருநீறு பட்டாக் கிருமி தொத்தும், கை வீங்கிப் போடும். சந்தனமும் ஆகாது. தண்ணியும் படப்படாது."

அவர் முகத்தை நான் மறக்கமாட்டேன். ஐம்பது வருடத்தில் முதல்முறையாகப் பட்டை போட வழியில்லாமல், மூன்று எழுத்தோடு வீட்டுக்குப் போனார். அடுத்த மூன்று நாளும் கோவிலுக்குப் போகவில்லை. திருவிழாக் கூட்டத்துக்கும் போகவில்லை. தலைவருக்கு டெங்கு என்று ஊரில் கதை வந்தது. மாமி பப்பாசி இலை தேடித் திரிந்ததாகவும் கேள்வி.

நான்காம் நாள், யூன் 21, காலமை ஏழு மணிக்குக் கடிதம் வந்தது. திகதிக்குக் கீழே சிவப்புக் கோடு. மிச்ச மூன்று எழுத்தும் 24ஆம் திகதி வேலுக்குள் போயின. நல்ல வேல். மாமாவின் கையில் இருக்கிறது என்பதற்காக நான் பொய் சொல்ல முடியாது. வேலின் இலைத் தகட்டு நரம்புவரை தெரியும்.

கடிதத்தைச் சபையில் கொடுத்தோம். மற்றக் கந்தோர்களுக்குப் போனவையும் சேர்ந்து ஏழு பெட்டிசங்கள் சபைக் கோவையில் கிடப்பதால் விசாரணை வைத்தே முடிவு சொல்லலாம் என்றார்கள். யூலை 29, திங்கட்கிழமை. பக்கத்துக் காணிக்காரர் நேரில் வந்து சொல்ல வேண்டும். கடிதம் கொடுத்தவர் வாயால் மறுத்தால் கடிதம் செல்லாது. எனக்குப் பயம் வந்தது. வேல் முடிந்துவிட்டது. இனி மாமாவுக்கு எங்களிடம் ஒரு அலுவலும் இல்லை.

யூலை 21, தீர்த்தம். கேணியைச் சுற்றிச் சனம். நாதஸ்வரம், மேளம். மாமாவின் மகன் குடும்பமும் ரொறன்ரோவிலிருந்து வந்து நின்றது. பேரன் நிருஷனுக்கு இருபது வயது. வந்த நாளிலிருந்து அந்த வெய்யிலிலும் நீட்டுக் கைச் சேட்டோடு திரிந்தான். கோவிலுக்குள்ளும் வரவில்லை, வெளிவீதியில்தான் நின்றான்.

மாமா மூழ்கி எழும்பினார். திருநீறு கரைந்து ஓடியது. இடது புயத்தில் ஆறங்குல வேல், கறுப்பாக, ஈரத்தில் மினுங்கியது.

நிருஷன் படியால் ஓடி வந்தான். "அப்பப்பா! நீங்களும் ரற்றூ போட்டிருக்கிறீங்களா!" சொல்லிக்கொண்டே தன் சேட்டைக் கழற்றினான். அவன் கை முழுக்க ஒரு மயில். "அப்பாதான் உங்களுக்குத் தெரியக் கூடாது, மறை எண்டு சொன்னவர். இதை ஆர் போட்டது? சூப்பராயிருக்கு!"

சனம் எல்லாம் மாமாவைப் பார்த்தது. மாமா சனத்தைப் பார்த்தார்.

"இது... நேத்திக்கடன்" என்றார். "கதிர்காமத்திலை ஒரு சாமியார் போட்டு விட்டவர்."

"அரோகரா!" என்று பின்னால் யாரோ சத்தமிட்டார்கள்.

சாமியார். எட்டு நாளில் விசாரணைக்கு வந்தும் இந்த மனிசன் இப்படித்தான் சொல்லும் என்று எனக்கு விளங்கிவிட்டது. நான் சனத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போக முதல், பெண்கள் பக்கத்துப் படியிலிருந்து உதயகலாவின் குரல் கேட்டது. சத்தம் போடவில்லை. பாடம் ஒப்புவிப்பது மாதிரித் தெளிவாகச் சொன்னாள்.

"மாமா, அந்தச் சாமியார் வேலுக்குக் கீழை என்ன கிடக்கெண்டும் சொன்னவரோ? இல்லாட்டி நான் சொல்லட்டே?"

மேளம் ஓய்ந்திருந்த நேரம். மாமி துவாயோடு மேற்படியில் நின்றா. மாமா இடுப்பளவு தண்ணீரில் நின்றார். ஏழு பெட்டிசம் எழுதின வலது கை, வேலைப் பொத்திக்கொண்டிருந்தது.

"இல்லை" என்றார். "உவள்தான் போட்டது. எங்கடை பூரணத்தின்ரை மகள்."

"பேர் கேக்கேல்லை மாமா."

"உதயகலா."

"பின்னுக்கு நிக்கிறவைக்கும் கேக்கட்டும்."

"உதயகலா! உதயகலா போட்டது!"

ஆயிரம் சனமாவது இருக்கும். அளவெட்டியிலிருந்து மேளம் கேட்க வந்த ஆட்களும் இருந்தார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

மாமி இறங்கி வந்து உதயகலாவிடம் கேட்டா. "பிள்ளை, வேலுக்குக் கீழை என்ன?"

"தோல்தான் மாமி."

மாமி அதை நம்பினதாக எனக்குத் தெரியவில்லை. துவாயை மாமாவிடம் கொடுக்காமல் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டா. அது அவர்கள் வீட்டுப் பாடு. நான் அதற்காக ஒரு நிமிடமும் வருந்தவில்லை.

அந்த ஐந்து எழுத்தை நான் இங்கே எழுதவில்லை. அந்த அம்மாள் எங்கேயோ பேரப்பிள்ளைகளோடு இருப்பா, அவவில் எங்களுக்குக் கோபம் இல்லை. உதயகலாவும் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். ஆனால் எழுத எனக்குத் தெரியும். எட்டாவது பெட்டிசம் ஒன்று எங்கிருந்தாவது வந்தால், எந்த மையில் வந்தாலும், எழுதுவேன். மாமா இதை வாசிப்பார் என்பது தெரிந்துதான் சொல்கிறேன்.

யூலை 29 அவர் அரைக் கைச் சேட்டோடு சபைக்கு வந்தார். வேலின் நுனி வெளியே தெரிந்தது. நிருஷனும் கூடவே வந்தான். மயிலுக்குப் பக்கத்தில் இன்னொன்று போட உதயகலாவிடம் நாள் கேட்டுக்கொண்டிருந்தான். அலுவலர் ஏழு பெட்டிசங்களையும் ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தார். இருபது நிமிடம் எடுத்தது. மாமா தன் வசனங்களைக் குனிந்திருந்து கேட்டார். 'வாலிபர் வழிதவறுகின்றனர்' என்ற இடத்தில் நிருஷன், "வழிதவறுகின்றனர் எண்டா என்ன அப்பப்பா?" என்று கேட்டான்.

"இதுகளை எழுதினது ஆரெண்டு ஏதும் தெரியுமோ ஐயா?" என்றார் அலுவலர்.

"தெரியாது."

"உங்களுக்கு ஆட்சேபணை?"

"இல்லை."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கோ, பதியோணும்."

"ஒரு ஆட்சேபணையும் இல்லை!"

அலுவலர் விண்ணப்பத்தைத் திருப்பி எங்கள் பக்கம் தள்ளினார். ஏழரை வருடப் பழக்கத்தில் நான் பேனையை எடுத்து மூடியைக் கழற்றிவிட்டேன். உதயகலா கையை நீட்டினாள்.

"அண்ணை, தாங்கோ."

தன் தொழிலுக்கான காகிதத்தில் என் தங்கச்சி தன் பெயரை முதன்முதலில் கையெழுத்திட்டது 2024 யூலை 29, திங்கட்கிழமை, முற்பகல் பதினொன்று இருபது.